யாருக்கும் போய்ச் சேராத எச்சரிக்கைகள்

நிமியா ஒவெலார் எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது கார்னிவல் திருவிழா முடிந்த வாரத்தில். தெருவோரங்களில் நுரைக் குப்பிகளும் உதிர்ந்த இறகுகளும் இன்னும் கிடந்தன. எங்கள் ஊர் என்கார்னசியோனில் அந்த வாரம் யாரும் வேகமாக நடக்கமாட்டார்கள். அவள் மட்டும் வேகமாக நடந்து வந்து, தரைக்குக் கீழுள்ள தளத்தில் என் ஸ்கேன் அறைக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் அறையைத் திறந்து, கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"இங்க ஏன் இவ்வளவு சூடா இருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். என் பெயரைக்கூட அதுவரை கேட்கவில்லை.

"ஏசி இருக்குற லட்சணம் அப்படி. நான் தெல்மிரா. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வாய் தெரெரே குடிச்சிட்டுப் போ, ஐஸ் நிறையப் போட்டிருக்கேன்" என்றேன்.

குளிர்ந்த மூலிகைச் சாறு நிறைந்த குவளையை வாங்கி உறிஞ்சினாள். கண் மட்டும் அந்த அறைக்குள்ளேயே இருந்தது.

அவள் பக்கத்து ஊர்க்காரிதான், கொரொனெல் பொகாதோ. அம்மா பேருந்து நிறுத்தத்தில் கூடையைத் தலையில் வைத்து சீப்பா ரொட்டி விற்றவள். மகள் ஆற்றுக்கு அக்கரையில் போசாதாஸில் படித்து, தலைநகரத்தில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் பழுது பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். திரும்பியதற்குக் காரணம் அம்மாவின் பக்கவாதம். நிமியா லீவில் வந்து அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்ததாம். "ஒரு சத்தம் வரலடி தெல்மிரா. விழுந்த சத்தம்கூட இல்ல. நான் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசியதில்லை.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனும் எக்ஸ்ரேயும் அந்தச் சூடான அறையிலுள்ள இரண்டு டிஸ்க் அலமாரிகளில் போய்ச் சேரும். அலமாரிகளுக்கும் டாக்டர்களின் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகள். எல்லாப் படமும் அவை வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும். ஒன்று செத்தால் மற்றது தாங்கிக்கொள்ளும் என்பதால் இரண்டு. இவை எல்லாவற்றையும் கண்காணிக்க ஒரு மென்பொருள் உண்டு. அதன் திரையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சின்னக் கட்டம். நன்றாக இருந்தால் பச்சை, பழுதென்றால் சிவப்பு.

நிமியா வந்தபோது எல்லாம் பச்சை. ஒரு மாதம் கழித்தும் எல்லாம் பச்சை.

வேறொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதியம் என்னோடு உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உனக்கு வேலை இல்லைன்னு கவலையா? என் ஸ்கேன் மெஷினைத் துடைச்சுக் குடு, வா."

"விளையாடாதே. இந்த வெயில்ல, இந்த ஏசியில, ஒரு சுவிட்ச் ஒரு மாசமா ஒரு குறையும் சொல்லலைன்னா நம்புவியா? மின்விசிறி மெதுவா சுத்துது, சூடு ஏறுது, ஒரு கேபிள் லூசா இருக்கு, ஏதாவது ஒண்ணு சொல்லும். அதுங்க எப்பவும் முனகிக்கிட்டே இருக்கிற ஜாதி. இதுங்க வாயே திறக்கல."

"பச்சையாத்தானே இருக்கு?"

"பச்சைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. யாரும் வந்து புகார் சொல்லலைன்னு அர்த்தம்."

எனக்கு அப்போது அது புரியவில்லை. பிறகு விளக்கினாள். சுவிட்சுக்கு ஏதாவது ஆனால் அது தானாக ஒரு செய்தி அனுப்பும். யாருக்கு அனுப்பவேண்டும் என்ற முகவரியை ஒருவர் அதில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும். அந்த முகவரி தப்பாக இருந்தாலும் அது அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது. பதில் வரவில்லையே என்று திரும்ப அனுப்பாது.

சுவிட்சுக்குள் நுழைந்து பார்க்கலாமென்றால் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்த எலாதியோ துரே ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அங்கே அல்மேரியாவில் தக்காளிப் பண்ணையில் பெட்டி அடுக்குகிறார் என்று கேள்வி. கடவுச்சொல்லை அழித்துப் புதிதாகப் போட வேண்டுமென்றால் சுவிட்சை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். நிமியா அதற்கு நாள் குறித்துவிட்டாள். முதலில் இரண்டாவது சுவிட்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டமில்லாத நேரத்தில். எதற்கும் இருக்கட்டும் என்று துரேயின் எண்ணைத் தேடிப் பிடித்து, இப்படிச் செய்யப்போகிறேன், கடவுச்சொல் ஞாபகமிருந்தால் சொல்லுங்கள் என்று செய்தியும் அனுப்பினாள்.

பல நாள் பதிலில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு குரல் செய்தி வந்தது. அவள் என் அறைக்கு வந்துதான் அதைப் போட்டாள். காற்றுச் சத்தம், பின்னால் யாரோ பெட்டிகளைத் தள்ளும் சத்தம், அப்புறம் ஒரு களைத்த குரல்.

"இஞ்சினியர், ரெண்டாவது சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. ஆஃப் பண்ணா அது திரும்ப எழுந்திருக்காது."

அவ்வளவுதான். நாங்கள் இருவரும் எதிரறையைப் பார்த்தோம். கண்ணாடிக்குப் பின்னால் சின்ன விளக்குகள் அமைதியாக மின்னிக்கொண்டிருந்தன.

நிமியா அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் எடுத்தார். கடவுச்சொல்லைச் சொன்னார். மற்றதையும் சொன்னார். சுவிட்சுகள் நான்கைந்து வருஷமாகவே சரியில்லை. முதலாவதில் இரண்டு பவர் சப்ளையில் ஒன்று செத்துவிட்டது. இரண்டாவதின் நினைவகம் கெட்டுப் போயிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும், நின்றால் நின்றதுதான். மாற்றித் தரச்சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே பதில். அதற்கிடையில் ராத்திரியெல்லாம் அவர் போன் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மனைவி சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"ஒருநாள் அந்த முகவரியை மாத்திட்டேன் இஞ்சினியர். யாருமே இல்லாத ஒரு முகவரி. அன்னிக்குத்தான் தூங்கினேன். காலைல திரும்ப மாத்திடலாம்னு நினைச்சேன்."

"காலைல ஏன் மாத்தல?"

"காலைல எல்லாம் பச்சையா இருந்துச்சு."

நிமியா அன்றே உட்கார்ந்து சரியான முகவரியைப் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரின் எண்ணை இரண்டு சுவிட்சிலும் எழுதினாள். இரண்டு பக்கமும் ஒரே ரகசியப் பெயர் இருந்தால்தான் செய்தியை ஏற்றுக்கொள்ளுமாம், அதையும் பொருத்தினாள். எந்த அளவுப் பழுதுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று தேர்ந்தெடுத்தாள். எல்லா அளவுக்கும் என்று வைத்தாள். சிவப்பானால் தன் போனுக்கும் நிர்வாகியின் போனுக்கும் வரும்படி செய்துவிட்டு, சோதனைச் செய்தி அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்துவதற்கு முன்பே மேஜைமேல் போன் அதிர ஆரம்பித்துவிட்டது.

ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ணமுடியாதபடி. போன் தானாகவே மேஜை ஓரத்துக்கு நகர்ந்துகொண்டு போனது. திரையில் இரண்டு கட்டமும் சிவப்பு. சூடு எல்லை தாண்டியது. மின்விசிறி நின்றது. பவர் சப்ளை இல்லை. இணைப்பில் பிழை, இணைப்பில் பிழை, இணைப்பில் பிழை. இத்தனை வருஷமும் இதே சங்கதிகளைத்தான் அந்த இரண்டு பெட்டியும் ஆளில்லாத முகவரிக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. நிமியா போனைக் கையில் எடுத்து, குழந்தையை அமர்த்துவதுபோல் மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

நிர்வாகி ரொலோன் இரண்டு நாள் கழித்து இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. மோசமானவர் என்று சொல்லமாட்டேன். சமையலறைக் கொதிகலன், ஆம்புலன்ஸ், ஒழுகும் கூரை என்று எல்லாமே அவர் தலையில்தான் வந்து விழும்.

"என்னம்மா இது? நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஆஸ்பத்திரியில ஒரு பழுதும் கிடையாது. இப்ப எனக்கு ஒரு நாளைக்கு நாப்பது செய்தி வருது. என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். கேக்குற மாதிரி வச்சேன், அவ்வளவுதான்."

"மேலிடத்துல இருந்து பாக்க வர்றாங்க. இந்தச் சிவப்பை அவங்க பாத்தா, நாம இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தோம்னு கேப்பாங்க."

"அதைத்தான் சார் நானும் கேக்குறேன்."

அவர் முகம் கறுத்தது. "குத்திப் பேசாதீங்க. புது சுவிட்சுக்கு எழுதிப் போடறேன். அதுவரைக்கும் பெரிசு மட்டும் வரட்டும். சின்னச் சின்னதை எல்லாம் நிறுத்துங்க. இது உத்தரவு."

நிமியா ஒரு வாரம் நிறுத்தவில்லை. அந்த வாரம் அவள் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி. பகலில் இங்கே, இரவில் அங்கே. ஒவ்வொரு முறை அம்மா கண்ணை மூடும்போதும் போன் அதிரும். ஓடிப்போய்ப் பார்த்தால் பழைய புகாரே திரும்ப வந்திருக்கும்: இரண்டாவது சுவிட்ச், இணைப்பில் பிழை. வாரக் கடைசியில் கண்ணெல்லாம் உள்ளே போய் வந்தாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சூடு, மின்விசிறி, பவர் மூன்றையும் வைத்துக்கொண்டு, இணைப்புப் பிழை வகையை மட்டும் நிறுத்தினாள்.

"ரெண்டாவது சுவிட்ச் இப்ப சும்மாதான் நிக்குது. பாரமெல்லாம் முதலாவது மேல. அதனால பரவால்ல" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

குளிர்காலம் போயிற்று. புது சுவிட்ச் வரவில்லை. வசந்தத்தின் கடைசியில் வெப்பமான வடகாற்று கிளம்பியது.

வடகாற்று அடிக்கும் நாட்களில் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் சிரித்துப் பேசுவதில்லை. தலை கனக்கும். நாய்கள் நிழலைவிட்டு அசையாது. அந்த வருஷம் அது விடாமல் அடித்தது. தெற்கே ஆற்றுக்கு மேல் வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோலக் கருத்துக்கொண்டு வந்தது. புயல் வரப்போகிறது என்று குழந்தைக்கும் தெரியும். அன்று காலை முதலே நிமியாவின் போன் அதிரத் தொடங்கியிருந்தது. சூடு. கொஞ்ச நேரத்தில் மறுபடி சூடு. ரொலோனைத் தேடிப் போனாள். அவர் தலைநகரத்தில் கூட்டத்தில் இருந்தார். பராமரிப்பு ஆளைப் பிடித்து மேஜை மின்விசிறி இரண்டைக் கொண்டுவந்து சுவிட்சுக்கு நேரே வைத்தாள். கதவைத் திறந்தே வைத்தாள்.

மதியத்துக்கு மேல் நெடுஞ்சாலை விபத்திலிருந்து ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்தார்கள். தலையில் அடி. நான் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது எனக்கே தெரிந்தது. மேலே டாக்டர் அர்செ ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்போது நிமியா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"தெல்மிரா, படத்தை மெஷின்ல இருந்து நேரா சிடியில எழுது. ஸ்டோரேஜை நம்பாதே."

"அனுப்பிட்டேன், போயிக்கிட்டிருக்கு..."

"எழுதுடி! முதல் சுவிட்சோட மின்விசிறி ரெண்டாவதும் நின்னுடுச்சுன்னு இப்ப வந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான் அது."

நான் எழுத ஆரம்பித்தேன். வெளியே இடி விழுந்தது. விளக்கு ஒருமுறை மங்கி, ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டு திரும்ப வந்தது. அந்த ஒரு மங்கலே போதுமாக இருந்தது. எதிரறையில், ஒற்றைப் பவர் சப்ளையில் ஓடிய முதல் சுவிட்சின் விளக்குகள் அணைந்தன. என் திரையில் படம் பாதியில் நின்றது.

சிடி வெளியே வந்ததும் நிமியா அதைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள். அறுவை அறையின் கம்ப்யூட்டரில் வெறும் சாம்பல் நிறம்தான் இருந்ததாம். டாக்டர் கத்தியை வைத்துவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாராம். சிடியைப் போட்டதும்தான் எங்கே திறப்பதென்று தெரிந்தது. அந்த டிரைவர் பிழைத்தான். இடது கை கொஞ்சம் தொங்கும், ஆனால் பிழைத்தான்.

ஆபரேஷன் முடியும்வரை மேலே இருந்துவிட்டு மாலையில் அவள் திரும்பி வந்தபோது நான் சொன்னேன், "பாரு, மத்தது தாங்கிக்கிச்சு. படம் எல்லாம் திரும்பப் போகுது."

இரண்டாவது சுவிட்சின் விளக்குகள் வேகவேகமாக மின்னிக்கொண்டிருந்தன. சும்மா நிற்கிறது என்று நிமியா வாயடைத்த சுவிட்ச், இப்போது ஆஸ்பத்திரியின் மொத்தப் பாரத்தையும் சுமந்துகொண்டிருந்தது. அது எப்படிச் சுமக்கிறது என்று யாருக்கும் எந்தச் செய்தியும் வரவில்லை. அவள் ஓடிப்போய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி மென்பொருளில் கட்டளை கொடுத்தாள். அதற்குள் அது தன் கெட்ட நினைவகத்தில் கலங்கிய படங்களை வெகுநேரம் அலமாரியில் எழுதிவிட்டது. ஓர் அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு மாலைதோறும் பிரதி எடுக்கும் வேலையும் அதன் வழியாகவே ஓடியிருந்தது. குப்பையைப் பிரதி எடுத்து, நல்லதன் மேலேயே போட்டிருந்தது.

புயல் ராத்திரியோடு கலைந்தது. மறுநாள் வானம் கழுவினாற்போல் இருந்தது. நாங்கள் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தோம். சிலது வந்தது. சிலதில் பாதி நெஞ்சுக்கூடு, கீழே சாம்பல் கோடுகள். சிலது திறக்கவே இல்லை. ஒரு முழு வருஷத்து நெஞ்சு ஸ்கேன்களில் பெரும்பகுதி போயிருந்தது.

தலைநகரத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். இணைப்புப் பிழை அலர்ட்டை நிறுத்தியது யார் என்று கேட்டார்கள். ரொலோன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள் நிமியா.

"உத்தரவு உண்டா?"

"உண்டு. ஆனா கை என்னோடது."

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலையிலிருந்து எடுக்கவில்லை. அந்தச் சூடான அறைக்கு வர வேறு யாரும் தயாராக இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். அத்தனை வருஷம் வராத புது சுவிட்சுகள் இரண்டே வாரத்தில் வந்து இறங்கின. துரேக்கு அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் அழுதார். அவள் அழவில்லை. "உங்களைத் திட்டணும்னு ரொம்ப நாளா வார்த்தை சேத்து வச்சிருந்தேன் எலாதியோ சார். இப்ப ஒண்ணும் மிச்சமில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் அம்மா அந்தக் கோடையில் காலமானார். நிமியா ஒரு நாள்கூட அதிகமாக லீவு போடவில்லை.

பிறகு ஓர் இலையுதிர்காலக் காலையில் கசிமிரா என்ற பெண் வந்தாள். ஆற்றங்கரைச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள், ஐம்பது வயதிருக்கும். அவளுடைய நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்திருந்தது. பழைய ஸ்கேனில் அதே நிழல் அதே அளவில் இருந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று விட்டிருப்பார்கள். அந்தப் பழைய ஸ்கேன் அழிந்துபோன வருஷத்துப் படங்களில் ஒன்று. ஒப்பிட எதுவுமில்லாததால் நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெறும் பழைய தழும்பு. இப்போது நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என் பழைய படம் வேணும். பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்" என்று என்னிடம் கேட்டாள்.

இல்லை என்று சொல்லிப் பழகியிருந்தேன். அன்று பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே நின்றேன். எதிரறையிலிருந்து நிமியா எழுந்து வந்தாள். நடைவழியில் இருந்த பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க படம் இல்லம்மா. அழிஞ்சிடுச்சு. அது கெட்டுக்கிட்டிருக்குன்னு சொல்ல ஒரு செய்தி வந்திருக்கணும். அது வராதபடி நான்தான் வச்சிருந்தேன்."

கசிமிரா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் விலாப்பக்கம் ஆபரேஷன் தழும்பிருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப பழைய படத்துலயும் அந்த நிழல் இருந்துச்சா, வெட்டாம விட்டிருக்கலாமான்னு இனிமே யாருக்குமே தெரியாதா?"

"விட்டிருக்கலாம்னுதான் நான் நினைக்கிறேன்" என்றாள் நிமியா. "ஆனா காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல."

அந்தப் பெண் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நிமியா எழுந்திருக்கவில்லை. மேலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அப்போதும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கசிமிரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் படியேறிப் போனாள். நிமியா அவளுக்குப் பின்னாலேயே, இரண்டு படி தள்ளி, வாசல்வரை போனாள்.